பிரையனியின் மணற்கல்

ஹிலரி குனிந்து கல்லறைக் கல்லில் மகள் பிரையனியின் பெயரைத் தடவியபோது முதல் எழுத்தின் விளிம்பு விரலுக்கு அகப்படவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் தொட்டால் குத்துமளவு கூராக இருந்த எழுத்து, சப்பித் துப்பிய மிட்டாய்போல் மழுங்கியிருந்தது. பக்கத்திலிருந்த இருநூறு வருடக் கல்லில் ஓர் ஆட்டிடையனின் பெயர் இன்னும் தெளிவாக நின்றது.

கல்லைச் செதுக்கிய ஜோஸ்லின் மறுநாளே வந்து, ஈரப்புல்லில் முழங்காலிட்டுப் பார்த்தாள். இது மழையின் வேலையல்ல என்றாள்.

"யாரோ கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்காங்க, ஹிலரி. பிளீச்சும் ஊத்தியிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் வேலையில்ல இது."

எழுத்துகளை மறுபடி வெட்ட வேண்டுமானால் கல்லின் முகம் முழுவதையும் அரை அங்குலம் சீவ வேண்டும். சீவினாலும் கல் தாங்குமென்று அவளால் சொல்ல முடியவில்லை.

அன்று கல் வாங்கப் போனபோதே கிரானைட் எடுத்துக்கொள்ளச் சொன்னவள்தான் ஜோஸ்லின். ஹிலரி கேட்கவில்லை. யார்க்‌ஷரில் அவர்கள் வீடும் வேலிச்சுவரும் பிரையனி உட்கார்ந்து காலணி மாட்டும் பின்வாசல் படியும் மணற்கல்தான். பளபளக்கும் கறுப்புக் கல்லின் கீழ் மகளைப் படுக்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பட்டறையில் பலகை பலகையாகத் தடவிப் பார்த்து, தேன் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அன்றே ஜோஸ்லின் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள்: வெறும் தண்ணீர், மிருதுவான பிரஷ், வருடத்துக்கு ஒரு முறை. பாசி பிடித்தால் விட்டுவிடவும்.

அவள் கணவர் நெவில் அன்று அவளுடன் வரவில்லை. அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போயிருந்தார். பத்தொன்பது வயது மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கிக்கொடுத்தவர் அவர். மேட்டு வளைவில் உறைபனியில் அது சறுக்கியது. அடக்கம் முடிந்து வந்த மாலை, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் ஹிலரி சொன்னாள், "நீதானே வாங்கிக் குடுத்த." மூன்றாம் நாள் நெவில் ஒரு பெட்டியோடு பஸ் டிப்போவுக்குப் பக்கத்து அறைக்குக் குடிபோனார்.

ஜோஸ்லின் வந்து பார்த்துவிட்டுப் போனபின், ஹிலரி மூன்று காலைகள் கல்லறைகளைப் பார்த்தபடி தேவாலய முகப்பில் காத்திருந்தாள். அகப்படுகிறவரைக் கேட்கச் சொற்களைத் திரட்டி வைத்திருந்தாள். மூன்றாம் காலை, சனிக்கிழமை, பஸ் ஓட்டுநர் சீருடையிலேயே வாளியும் கம்பி பிரஷ்ஷுமாக நெவில் வந்தார். மகளின் கல்முன் மண்டியிட்டார். சட்டைக்கையை மடித்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, சிவந்த விரல்களை உதறிக்கொண்டு மறுபடி தேய்த்தார்.

அவள் அருகில் போய் நின்றாள். அவர் நிமிரவில்லை.

"பச்சை பச்சையா படியுது. மொகம் கழுவாத புள்ள மாதிரி நிக்கிறா," என்றார். "இத ஒண்ணுதான் அவளுக்கு என்னால செய்ய முடியுது."

ஜோஸ்லின் எழுதிக்கொடுத்த தாள் அவள் சமையலறை இழுப்பறையில் நான்கு வருடமாகக் கிடந்தது. ஒரு தபால்தலை ஒட்டி அவருக்கு அனுப்பியிருக்கலாம்.

"தேய்க்கக் கூடாதாம், நெவில். கல்லு கரையுதாம்."

அவர் கை நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல்முறை பார்ப்பவர்போல் எழுத்துகளைப் பார்த்தார். பிரஷ்ஷின் முட்களில் ஒட்டியிருந்த தேன் நிறப் பொடியையும் பார்த்தார்.

"நானா?"

"நான் உன்கிட்ட சொல்லல."

நெவிலின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கிப் புல்லில் வைத்தாள். வாளி நீரைக் கொட்டிவிட்டு, குழாயில் நல்ல தண்ணீர் பிடித்துவந்து, கல்லின் தலையிலிருந்து மெல்ல ஊற்றினாள். நனைந்த கல் கருத்தது. மழுங்கிய பள்ளங்களில் நீர் தங்க, பிரையனியின் பெயர் எழுத்தெழுத்தாகத் துலங்கி எழுந்தது. நெவிலின் உதடுகள் அதைப் படித்தன.

மேட்டுக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கல் மேலிருந்து காய்ந்து பெயர் மறுபடி மங்கத் தொடங்கியதும் நெவில் எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு குழாயை நோக்கி நடந்தார்.