காந்தாவின் ஆபரேஷன் தேதி

மூன்றாவது முறையும் காந்தாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கம்மலையும் தாலியையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கணவனிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். மயக்க டாக்டர் வந்து முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நெஞ்சில் சளி. முதல் தடவை சர்க்கரை ஏறியிருந்தது, இரண்டாம் தடவை சிறுநீரில் கிருமி, இப்போது இது.

"இப்ப இருமுனா தையல் தாங்காதும்மா. ரெண்டு வாரம் போகட்டும்" என்றார் ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டர் நிருபமா.

"இருமுனா ஒழுகுதுன்னுதானே மேடம் உங்ககிட்டயே வந்தேன். இப்ப இருமல் இருக்குது, ஆபரேஷன் வேணாம்ன்றீங்க."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காந்தாவுக்கு வரவில்லை.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரி. பஸ் கண்டக்டர் வேலையில் பத்தொன்பது வருஷம். இரண்டாவது மகள் பிறந்ததிலிருந்தே தும்மினால் லேசாகச் சிறுநீர் கசியும். நாற்பது தாண்டியதும் ரோட்டில் வேகத்தடையாக இருக்கிற ஒவ்வொரு ஹம்ப்பும் அவளுக்கு எதிரியாகிவிட்டது. வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் நனையும். காக்கித் துணியில் ஈரம் பளிச்சென்று தெரியும் என்பதால் டிக்கெட் பையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள். இடுப்புத் தசைக்கான பயிற்சிகளை ஆறு மாதம் விடாமல் செய்து பார்த்தாள். வீட்டில் கொஞ்சம் குறைந்தது, பஸ்ஸில் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டர் நிருபமா ஸ்லிங் பற்றிச் சொன்னார். மூத்திரக் குழாய்க்குக் கீழே ஒரு சின்ன நாடாவை வைத்துவிட்டால், வயிற்றில் அழுத்தம் வரும்போது அது குழாயைத் தாங்கிக்கொள்ளும். அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரம்தான் நான்கு மாதமாகக் கிடைக்கவில்லை.

தேதி மாறியதால் லீவையும் மாற்ற வேண்டும். மறுநாள் டிப்போவுக்குப் போனாள். லீவு செக்‌ஷன் கோவிந்தப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பாதிக் கன்னடத்தில் கேட்டார்.

"ஏனம்மா, மத்தே ரஜாவா? நாலாவது தடவை லீவு எழுதறே. நீ கர்ப்பப்பைன்னு எழுதியிருக்கே. ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்ல வேற ஏதோ இருக்குதே. இன்னா ஆபரேஷன் இது?"

பின்னால் ஐந்தாறு டிரைவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். கர்ப்பப்பை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்றுதான் அப்படி எழுதியிருந்தாள். நேற்றைய எரிச்சல் இன்னும் உடம்பில் இருந்தது.

"கர்ப்பப்பை இல்ல சார், பொய் எழுதினேன். பஸ் ஹம்ப்ல ஏறுனா எனக்கு மூத்திரம் போயிடுது. ரொம்ப வருசமா இப்படித்தான். அதை நிறுத்தத்தான் ஆபரேஷன். எழுதிக்கங்க."

கோவிந்தப்பா நிமிராமலே எழுதினார்.

"எத்தனை நாள்?"

"கனமா எதுவும் தூக்கக் கூடாது, நின்னு வேலை செய்யக் கூடாதுன்றாங்க. ஆறு வாரம்."

"பதினஞ்சு நாள்தான் போடலாம். மிச்சத்துக்கு அப்புறமா வந்து எழுதிக் குடு."

இத்தனை பேர் முன்னால் மானத்தை அவிழ்த்து வைத்ததற்குக் கிடைத்தது பதினைந்து நாள்.

நான்காவது தேதியில் ஒருவழியாக ஆபரேஷன் நடந்தது. மறுநாள் சிறுநீர் இறங்கப் போட்டிருந்த டியூபை எடுத்துவிட்டு, தானாகச் சிறுநீர் போனால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். காந்தா பாத்ரூமில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். முக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

"வந்துச்சா ஆன்ட்டி?" நர்ஸ் சௌம்யா கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"இல்லம்மா."

பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தரம் கேட்டபோது, "வந்தா நானே கத்தறேன், நீ போம்மா" என்றாள் காந்தா. இத்தனை வருஷம் கூப்பிடாமலே வந்தது, இன்று கெஞ்சியும் வரவில்லை. ஸ்கேனில் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தது. சில பேருக்கு வீக்கத்தால் இப்படி ஆகும், வற்றிவிடும், வற்றாவிட்டால் நாடாவைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று டாக்டர் சொன்னார். மறுபடி டியூபைப் போட்டு, சிறுநீர் சேரும் பையைத் தொங்கவிட்டு, ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

வீட்டில் கணவன் நாராயணசாமி கட்டில் ஓரத்தில் தொங்கிய பையையே பார்த்தான்.

"நிக்கலைன்னு போனே. இப்ப ஒரேயடியா நின்னுடுச்சி."

காந்தா தலையணையை எடுத்து அவன் மேல் வீசினாள். தையல் சுரீர் என்றது. மறுநாள் காலையில் அவள் கண் விழிக்கும்போது பையைக் கொண்டுபோய்க் காலி செய்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். அந்த ஐந்து நாளும் அவன்தான் செய்தான்.

ஐந்தாம் நாள் டியூபை எடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்து, மெல்லிய தாரையாக, தயங்கித் தயங்கி வந்தது. காந்தா பாத்ரூமிலேயே உட்கார்ந்து அழுதாள். சௌம்யா இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை.

பதினைந்து நாள் முடிந்ததும் டிப்போவுக்குப் போய், கோவிந்தப்பாவின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்து நில் என்று அவரும் சொல்லவில்லை. மீதி லீவைப் போட்டுக் கொடுத்தார்.

ஆறு வாரத்துக்குப் பின் வேலைக்கு வந்தாள். முதல் நடையில் டிரைவர் ஹம்ப்பைக் கவனிக்காமல் வண்டியைத் தூக்கிப் போட்டான். பயணிகள் திட்டினார்கள். காந்தா கம்பியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள். காய்ந்தே இருந்தது. பல வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் ஒழுகுமோ என்ற பயமில்லாமல் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள்.

கடைசி ஸ்டாப்பில் இறங்கி லேடீஸ் கழிப்பறைக்குப் போனாள். கதவில் பூட்டு தொங்கியது. நேராக, பஸ் நேரம் குறிக்கிற டைம் கீப்பர் அறைக்கு நடந்தாள்.

"சாவி எங்க சார்?"

"யாரும் கேக்கறதில்லம்மா. எங்க இருக்குதுன்னே தெரியலை."

"நான் கேக்கறேன். தேடுங்க. அதுவரைக்கும் வண்டி கிளம்பாது."

பெஞ்சில் உட்கார்ந்து டிக்கெட் பையைப் பக்கத்தில் வைத்தாள்.