ஒழுகும் மாடிக்கு யார் பொறுப்பு

ஐப்பசி அடைமழையில் செந்தாமரையின் தையல் கூடத்துக் கூரை கசிந்தது. முதலில் உள்ளங்கை அளவு ஈரம்தான். மதியத்துக்குள் வெட்டு மேசைமேல் சொட்டத் தொடங்கிவிட்டது. பள்ளிச் சீருடைக்காக வெள்ளைத் துணி விரித்திருந்த நேரம். வேலை செய்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் துணியைத் தூக்கினார்கள். ஒருத்தி ஓடிப்போய் வாளி கொண்டுவந்து வைத்தாள்.

குடவாசலில் அந்தக் கூடம் எழும்பியதே பலருக்கு ஆச்சரியம். செந்தாமரையின் அம்மாவும் அத்தைகளும் பிறர் வயலில் நடவு நட்டவர்கள். அவள் ஒரே ஒரு தையல் மிஷினோடு தொடங்கி, சொந்த இடத்தில் கான்கிரீட் கூரை போட்டு, எட்டுப் பெண்களுக்கு வேலை கொடுத்தாள். மாடி ஒழுகாதபடி பூச்சு போட்டுக் கொடுத்தவர் 'மருது வாட்டர் புரூஃபிங்' மருதையன். "அஞ்சு வருஷத்துக்குத் தண்ணி இறங்காதும்மா. இறங்குனா கூலி வாங்காம சரிபண்ணித் தரேன்" என்று சொல்லி, கடைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்திருந்தார். இது மூன்றாவது மழைக்காலம்.

பழைய எண்ணுக்கே போன் போட்டாள். பேசியது புதுக்குரல்.

"நான் ஆல்பின் பேசறேங்க. மருதையன் அண்ணன் சித்திரையிலயே கடைய எனக்கு வித்துட்டாருங்க. அவரு போட்ட வேலைக்கு நான் எப்படிங்க பொறுப்பு? வேணும்னா வந்து பாத்து ரேட்டு சொல்றேன்."

"இருங்க, நேர்ல வரேன்."

மழை தணிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடையில் 'மருது' போர்டு அப்படியே இருந்தது. ஆல்பின் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். முப்பது வயதுக்காரன். அவன் பின்னால் சுவர் முழுக்க, 'எங்கள் தரமான வேலைகள்' என்று புது பிளக்ஸ். அதன் நடுவில் ஒரு மாடி. அந்த மாடியின் கைப்பிடிச் சுவரில் 'தாமரை தையலகம்' என்ற சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"இதெல்லாம் யாரு செஞ்ச வேலைங்க?"

"எல்லாம் நம்ம கடை வேலைதாங்க."

"நடுவுல இருக்கறது என் மாடி. அதுதான் இப்ப ஒழுகுது."

ஆல்பின் திரும்பிப் படத்தைப் பார்த்தான்.

"அக்கா, உள்ளதச் சொல்லிடறேன். அவரு எத்தனை பேருக்கு கேரண்டி கொடுத்திருக்காருன்னே எனக்குத் தெரியாது. கடை வாங்கறப்ப அதப்பத்தி ரெண்டு பேரும் பேசிக்கல. உங்களுக்குச் செஞ்சா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. நானே லோன் போட்டுக் கடை எடுத்திருக்கேன்."

அந்தப் பயம் அவளுக்குப் புரிந்தது. அவளும் கடனில் தொழில் தொடங்கியவள்தான். அதற்காக விட்டுக்கொடுத்துவிட்டுப் போக அவள் வரவில்லை.

"தம்பி, நான் உதவி கேட்டு வரல. கேரண்டி கொடுத்தது இந்தக் கடை. கடைப் பேரு, போன் நம்பரு, அவரு செஞ்ச வேலை, எல்லாத்தையும் காட்டித்தான் நீங்க புது ஆர்டர் புடிக்கிறீங்க. நல்லா இருக்கற மாடின்னா உங்களுது, ஒழுகுனா அவருதா? அப்படின்னா பேர மாத்துங்க, படத்தையும் எடுங்க, நான் அவரைத் தேடிப் போறேன். இல்லேன்னா திருவாரூர் நுகர்வோர் கோர்ட்டுல உங்க ரெண்டு பேரையும் சேத்தே எழுதிக் கொடுக்கறேன். யாரு பொறுப்புன்னு அங்க சொல்லட்டும்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஆல்பின் போனை எடுத்தான்.

மருதையன் இப்போது பேராவூரணியில், தம்பியின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று வந்தது.

"அந்தம்மா கேக்கறது நியாயம்பா. வாக்கு நான் கொடுத்தது. விக்கிறப்பவே நாம பேசி முடிச்சிருக்கணும். பூச்சு சாமான் என் செலவு, ஆள் கூலி உன்னோடது. வேற யாரு வந்தாலும் அப்படியே வச்சுக்குவோம், என்ன?"

"சரிண்ணே," என்றான் ஆல்பின். எவ்வளவு வந்து விழுமோ என்று கலங்கிக் கிடந்தவனுக்கு, பாதிப் பாரம் இறங்கியது போலிருந்தது.

மழை வெறித்த அன்றே ஆட்களோடு வந்தான். மழைநீர்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் மெல்லிய வெடிப்பு. கொத்தி எடுத்து அடைத்து, மேலே பூச்சு போட்டார்கள். அது காய்ந்ததும் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள்.

"இருங்க தம்பி," என்று செந்தாமரை குழாய் வாயில் ஈரச்சாக்கைத் திணித்தாள். தொட்டித் தண்ணீரைத் திறந்து மாடியில் தேங்கவிட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும். கீழ ஈரம் தெரியலேன்னாதான் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஆல்பின் சிரித்துவிட்டான். மறுநாள் அவனே வந்து, ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது.

"மிச்சம் இருக்கற வருஷத்துக்கு உங்க பேர்ல எழுதிக் கொடுத்துடுங்க," என்றாள். மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்திட்டான்.

அந்த மழைக்காலத்தில் மருதையனின் பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் ஆல்பினைக் கூப்பிட்டார்கள். அவன் பயந்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. வந்தவர்களும் மரியாதையாகவே பேசினார்கள். அவர்களில் ஒருவர், வந்ததுதான் வந்தீர்கள் என்று புதிதாகக் கட்டிய மாடியறைக்கும் சேர்த்து அவனிடமே வேலை கொடுத்தார்.