எல் போர்டு மேல் ஒரு மெஷின்

1

கர்ர்ர் என்று தலைக்கு மேலே கூரை உறுமியது. மேஜையிலிருந்த பேனா தானாக உருண்டு கீழே விழுந்தது. அப்போது நான் ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகி, "உங்களை நான்" என்று வாயைத் திறந்திருந்தாள். திறந்தது திறந்தபடியே இருக்கிறது.

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். மனசுக்குள் ஊறி ஊறி வந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் பொய். சண்டை போடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன். சண்டை சரியாக அமையவில்லை. கதை அமைந்தது. வார இதழின் ஆசிரியர் போனில், "இதுல காதல் இருக்கா?" என்று கேட்டார். "புருஷன் பெண்டாட்டி இருக்காங்க" என்றேன். "அது வேற டிபார்ட்மெண்ட்" என்றார்.

மேல்வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வண்டி கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்துத் தன் உயிரையும் ரோட்டில் போகிறவர்கள் உயிரையும் காப்பாற்றுவது அவருடைய பிழைப்பு. மற்றவர் அவர் மனைவி. வெள்ளிக் கம்பியை வளைத்து, அதற்குள் சின்னக் கற்களை வைத்துக் கட்டி நகை செய்கிறவர். கம்பியக்கா என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா செய்த நகைகள் வருஷக்கணக்காக யார் யார் பெயரிலோ விற்றுக்கொண்டிருந்தன. இப்போது கடைத்தெருவில் பெரிய நகை ஷோரூம் வைத்திருக்கும் அம்மாள், "நீங்களே பொறுக்கின கல்லு, நீங்களே செஞ்ச நகை, அதைக் காட்டுங்க. பிடிச்சிருந்தா உங்க பேரைப் போட்டு ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்கித் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார். கம்பி வேலை முடிந்தாயிற்று. கற்கள் மட்டும் மினுங்க வேண்டும்.

கதையில் ஆபத்தில் இருப்பது அந்தக் கண்ணாடிப் பெட்டிதான். கொலை, கடத்தல் எதிர்பார்த்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

2

தொடக்கம் வரவில்லை. எழுதி அடித்ததை அப்படியே விட்டிருக்கிறேன், பாருங்கள்.

கல்லும் கதையும் ஒன்றுதான், தேய்க்கத் தேய்க்கத்தான் இரண்டும்

(நிறுத்தியாயிற்று. இதே மாதிரி இன்னொரு வரி எழுதினால் இதழைச் சுருட்டி என் தலையில் அடிக்கலாம். முழு சம்மதம்.)

கடையின் வாசலில் சாரல் அடித்துக்கொண்டிருந்த அந்த மாலையில்

(சாரல் அடிக்கவில்லை. மொட்டை வெயில். கதை என்று உட்கார்ந்தாலே என் கை தானாக மழை பெய்விக்கிறது.)

மாஸ்டருக்குக் கழுத்து வலித்தது.

(இது உண்மை. இங்கிருந்தே போகலாம். இனி மாஸ்டரின் தோள்பக்கம் நின்றுதான் சொல்லப்போகிறேன். இந்த விவகாரத்தில் திட்டு வாங்கிய அளவில் அவருக்குத்தான் முதலிடம்.)

மாஸ்டருக்குக் கழுத்து வலித்தது. கல் மினுக்கும் மெஷின் விற்கிற கடைக்காரரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்ததில் வந்த வலி.

"உருட்டுற டைப்பா, அதிர்ற டைப்பா?" என்றார் கடைக்காரர்.

"சத்தம் போடாத டைப்" என்றார் மாஸ்டர்.

"அதுக்கு நீங்க கையாலதான் சார் தேய்க்கணும்."

மேஜை மேல் ஒரு மெஷின் இருந்தது. படுக்கவைத்த டப்பா ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தூங்குகிற பூனை மாதிரி அடக்கமான சத்தம். மாஸ்டருக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

"இது உருட்டுறது. வாரக்கணக்குல ஓடும். கல்லு ஒண்ணோட ஒண்ணு புரண்டு, மூலையெல்லாம் கரைஞ்சு, கோலிக்குண்டு மாதிரி வந்துடும்."

"இதையே கட்டுங்க" என்றார் மாஸ்டர்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு கம்பிக்கூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். கல் இல்லாத வெறும் கூடு. ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் குழி. "ஒவ்வொரு கல்லுக்கும் அளவு பார்த்து வளைச்சு வச்சிருக்கேன். கல்லு உருண்டையாயிட்டா எதுல போய் உக்காரும்? சட்டையைத் தைச்சு முடிச்சுட்டுப் பிள்ளையை இளைக்கச் சொல்றீங்களா?"

"கல்லை முதல்ல மினுக்கிட்டு, அப்புறம் கம்பியை வளைச்சிருக்கலாமே" என்றார் மாஸ்டர்.

கேட்டிருக்கக் கூடாது.

(அக்கா சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. அதில் மாஸ்டரின் அம்மா வருகிறார்.)

கடைக்காரர் நடுவில் புகுந்தார். "அப்ப மேடத்துக்கு அதிர்றதுதான் சரி. நாலு ஸ்பிரிங் மேல ஒரு கிண்ணம். அது நடுங்கும், கல்லு உள்ள நெருக்கமா சுத்திச் சுத்தி வரும். உருவத்தைத் தொடாது, தோலைத்தான் மினுக்கும். வேலையும் சீக்கிரம். ஆனா ஒண்ணு. ஓடறப்ப நடுவுல நிறுத்திப் போட்டுடாதீங்க. உள்ள சாணைத்தூளும் தண்ணியும் கலந்த சேறு சிமெண்ட் மாதிரி இறுகிடும்."

"நாங்க எதுக்கு நிறுத்தறோம்" என்றார் அக்கா.

பெட்டியின் மேல் டம்ளர் என்று போட்டிருந்தது. அந்த மெஷினுக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர். தண்ணீர் குடிக்கிற டம்ளரா இவ்வளவு கனக்கிறது என்று ஆட்டோக்காரர் கேட்டார். மாஸ்டர் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

3

வாஷிங் மெஷின் மேல் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் மெஷின் நடக்க ஆரம்பித்தது. நிஜமாகவே நடந்தது. ஓரம் வரைக்கும் போய் எட்டிப் பார்த்ததும் மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வீட்டில் பிரேக் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்து, கையால் பிடித்தார்.

தரையில் வைத்தார்கள். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

(கீழ்வீட்டுக்காரர் நான்தான். என்னை நானே அவர் இவர் என்று எழுதிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.)

"என்ன சார், மாடியில மில் வச்சுட்டீங்களா?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"உள்ள வாங்க ரைட்டர். உங்க தலைவலியை உக்காந்து பேசலாம். எனக்கும் இருக்கு" என்றார் மாஸ்டர்.

"அவர்கிட்ட என்னங்க பேச்சு" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "போன தீபாவளிக்கு" என்று

(அடித்தாயிற்று. பண்டிகை எதுவும் வேண்டாம். அக்கா சொன்னது இதுதான்:)

"அவரு டைப்ரைட்டர் தட்டினப்ப நாம ஏதாவது கேட்டோமா?"

கீழ்வீட்டுக்காரர் அடங்கினார்.

கடைசியில் மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலிலிருந்து ஒரு வழுக்கை டயரை உருட்டிக்கொண்டு வந்தார். பின்பக்க பால்கனியில் அதைப் படுக்கவைத்து, மேலே பலகை ஒன்று வேண்டும் என்று தேடி, பழைய எல் போர்டைப் போட்டு, அதன் மேல் மெஷினை வைத்து நாலு பக்கமும் கட்டினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. மெஷின் நின்ற இடத்தில் நின்று நடுங்கியது. முதல் நாள் வண்டி எடுக்க வருகிறவர்களைப் போலவே இருக்கிறது என்றார் மாஸ்டர். அக்கா சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு.

அதையும் மாஸ்டரே கெடுத்தார். கற்களைப் போட்டு, இடைவெளியை நிரப்பப் பீங்கான் துண்டுகளைப் போட்டு, சாணைத்தூளைத் தூவியாயிற்று. "கொஞ்சம் தண்ணி விடுங்க" என்றார் அக்கா. மாஸ்டர் ஒரு மக் நிறைய ஊற்றினார். கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அசையாமல் உட்கார்ந்துகொண்டன. கிண்ணம் மட்டும் வீணாக நடுங்கியது.

"ஸ்பூன்ல விடணுங்க. ஈரம் பட்டாப் போதும். குளிப்பாட்டவா சொன்னேன்?"

"கொஞ்சம்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? நான் ஸ்டூடண்ட்கிட்ட கொஞ்சம் பிரேக் போடுன்னா சொல்றேன்?"

"அதான் உங்க ஸ்டூடண்ட் எல்லாம் சுவத்துல போய் நிக்குது."

எல்லாவற்றையும் கொட்டி, கழுவி, மறுபடி ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தூள் மாற்றும்போதும் இப்படிக் கழுவவேண்டும். பழைய முரட்டுத் தூள் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் கடைசி மெருகில் கீறல் விழும். பல் தேய்க்கும் பிரஷால் மாஸ்டர் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தார். அது யாருடைய பிரஷ் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அதை இங்கே விவரிக்கவில்லை.

4

மெஷின் நின்றது.

மாஸ்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது பால்கனியில் சத்தமே இல்லை. மூடியைத் திறந்தால், சேறு இறுகிக் கற்களைக் கவ்விக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கிறது. மோட்டார் சூடாகவில்லை. சுவிட்ச் அணைந்திருந்தது.

"யாருங்க நிறுத்தினது?" என்றார் அக்கா, கம்பிகளுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் இப்பதானே வர்றேன். நீதானே வீட்ல இருக்க?"

"கம்பியில குனிஞ்சா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது. காலையில போறப்ப நீங்கதான் கைப்பழக்கத்துல நிறுத்தியிருப்பீங்க. எதைப் பார்த்தாலும் நிறுத்தறதுதானே உங்க வேலை?"

மாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிறுத்தியிருப்போமோ? இறுகியதை ஸ்பூன் கைப்பிடியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். ஷோரூம் அம்மாளுக்கு அக்கா போன் போட்டார். "மெஷின் மக்கர் பண்ணுதும்மா, அடுத்த வெள்ளிக்கிழமை வாங்களேன்." மக்கர் என்று சொல்லும்போது மாஸ்டரைத்தான் பார்த்தார்.

அடுத்த வாரம் இன்னொரு முறை நின்றது. இந்தத் தடவை மாஸ்டர் கிளம்பும்போது சுவிட்ச் பக்கமே போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். அப்படியும் பழி அவர் மேல்தான் விழுந்தது. அக்கா போன் போட்டு இன்னும் ஒரு வாரம் தள்ளிக் கேட்டார். ஷோரூம் அம்மாள், "இன்னொரு வாட்டி தள்ளாதீங்க, பெட்டி கேட்டு வேற ஆளும் நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "ரோட்ல போடற பிரேக்குக்கு ஒருத்தரும் நன்றி சொல்றதில்ல, ரைட்டர். போடாத பிரேக்குக்கு இவ்ளோ திட்டு."

5

இப்போது முடிவு வேண்டும். ஆசிரியர் காத்திருக்கிறார். படம் வரைகிறவர், மெஷினுக்கு எத்தனை கால் என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்.

முடிவு ஒன்று: நிறுத்தியது மாஸ்டர்தான். மனைவிக்குப் பெயர் வந்துவிடுமே என்ற பொறாமை. எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. வாசித்துக் காட்டினேன். "பொறாமையா? எனக்கா?" என்றார் மாஸ்டர். "அவ பேர்ல பெட்டி வந்துச்சுன்னா, அதை போட்டோ எடுத்து கார் பின்னாடி பெருசா ஒட்டறவன் நான். ஏற்கனவே அளவு பார்த்துட்டேன், எல் போர்டுக்குப் பக்கத்துல இடம் இருக்கு." இந்த மனிதரை வில்லனாக்க முயன்றதற்காக அந்தத் தாளைக் கிழித்தேன்.

முடிவு இரண்டு: எலி. ஆசிரியருக்கு இது பிடித்திருந்தது. படம் வரைகிறவருக்கு எலி நன்றாக வருமாம். ஆனால் எலி வயரைக் கடிக்கும். சுவிட்சை அணைத்துவிட்டுப் போகாது.

முடிவு மூன்று: கீழ்வீட்டுக்காரர். காரணம் இருக்கிறது, பின்பக்கப் படி வழியாகப் போய்வர வழியும் இருக்கிறது. தைரியம்தான் இல்லை. அக்கா இருக்கும் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவதைவிட, சத்தத்தோடு ஒரு தொடர்கதையே எழுதிவிடுவேன்.

(உண்மையைச் சொன்னால், இந்த மூன்றையும் எழுதும்போதே நாலாவது ஆளை நான் ஏன் யோசிக்கவில்லை என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆத்திரமாகப் பேசுகிறவர்களைச் சந்தேகப்பட நமக்குத் தோன்றுவதில்லை. அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.)

6

வியாழக்கிழமை. மறுநாள் ஷோரூம் அம்மாள் வருகிறார். கற்கள் கடைசி மெருகுத் தூளில் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டரின் மத்தியான ஸ்டூடண்ட் காய்ச்சல் என்று வரவில்லை. வழக்கமில்லாத நேரத்தில் வீடு திரும்பினார்.

படியேறும்போது மேலே மெஷினின் சத்தம் கேட்டது. கதவைத் திறக்கும்போதும் கேட்டது. செருப்பைக் கழற்றும்போது நின்றுவிட்டது. ஒரு வினாடி தயங்கினார். அப்புறம் வெறுங்காலோடு பால்கனிக்குப் போனார்.

அக்கா சுவிட்சின் மேல் விரல் வைத்தபடி நின்றிருந்தார். மூடி திறந்திருந்தது. கிண்ணத்துக்குள் கற்கள், குழைந்த வெள்ளைத் தூளுக்கு நடுவில், இப்போதே பளபளத்தன. கூர் கூராகவே இருந்தது. குழி குழியாகவே இருந்தது. ஒவ்வொன்றும் தன் கூட்டில் அப்படியே போய் உட்காரும்.

மாஸ்டருக்கு இத்தனை நாள் வாங்கிய திட்டெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பதிலுக்குச் சொல்லவேண்டியவை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. நான் அவராக இருந்தால் ஒன்றையும் விட்டிருக்க மாட்டேன்.

(முடிவு எழுத மாட்டேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். சேறு இறுக இன்னும் நேரம் இருக்கிறது, சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நாளைக்கு வெள்ளிக்கிழமை. மறுபடி போடுவதா, யார் போடுவது என்பதை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். மாஸ்டர் வந்து என்னிடம் சொன்னபடி, அவர் கேட்டதையும் அக்கா சொன்னதையும் மட்டும் அப்படியே எழுதி வைக்கிறேன். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.)

மாஸ்டர் குனிந்து ஒரு கல்லை எடுத்து, சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் காட்டினார். "இவ்ளோ அழகா வந்திருக்கே. எதுக்கு நிறுத்தின?"

அக்கா கல்லைப் பார்க்காமல், ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"இது முடிஞ்சுட்டா, என்னோடதுன்னு காட்டணுமேங்க."