முட்டிவரை உப்பு

இரண்டு நாள் மழைக்குப் பிறகு பூவிழி கிடங்கின் தகரக் கதவைத் தள்ளித் திறந்தபோது, குதிரையின் நான்கு கால்களும் வெளுத்துக் கிடந்தன.

இடுப்பு உயர மண் குதிரை அது. செங்காவி உடம்பு, கழுத்தில் மஞ்சள் மணி, நெற்றியில் பச்சைச் சுட்டி. குளம்பிலிருந்து முட்டிவரை மட்டும் வர்ணம் கொப்பளித்து, பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை பூத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். போயிற்று. டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், காய்ந்த இடத்தில் மறுபடி மெல்லப் படிந்திருந்தது.

இன்று, குதிரையைச் செய்யச் சொன்ன அசோகன் வருவார். நாளை குதிரையைக் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். காய்ச்சலில் கிடந்த அவர் மகள் பிழைத்ததற்கான நேர்த்திக்கடன். பூவிழியை நம்பி ஒருவர் கேட்ட முதல் குதிரை. காலை முழுக்க உப்பளத்தில் வேலை, மத்தியானத்துக்குமேல் இந்தக் கிடங்கு என்று இருப்பவள் அவள். கோயில் குதிரைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கைபழகினாள். "பரம்பரையா மண்ணு பிசையறவங்க எத்தினி பேரு இருக்காங்க, இதுகிட்ட போயி குடுக்கறியே மாமா" என்று அசோகனின் மச்சான் திருமுருகன் அவள் காதுபடவே சொல்லியிருந்தான்.

எங்கே தப்பு? மண்ணை நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்து வடித்திருந்தாள். வர்ணத்தை ஓட்டில் பூசி, வெயிலிலும் தண்ணீரிலும் போட்டுப் பார்த்திருந்தாள். ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே குனிந்தவள் கண்ணில் தரை பட்டது. கசகசவென்று ஈரம். எத்தனையோ வருஷம் உப்பு மூட்டை அடுக்கியிருந்த தரை. மழை ஈரத்தில் கரைந்த உப்பு, சுட்ட மண் வழியே உறிஞ்சிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்தவள், நிற்கிற தரையைப் பார்க்கவில்லை.

"என்னாடி, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு..." என்றபடி உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டு ராசம்மாள். குதிரையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ! வேர்த்திருக்குதுடீ!"

"எக்கா, அது வந்து..."

"சும்மா இருடீ. மழையில ராவெல்லாம் சாமிய ஏத்திக்கினு ஊர சுத்திட்டு வந்திருக்குது. நொர தள்ளி காஞ்சிருக்குது பாரு!" குளம்பிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளையைச் சுரண்டிப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள்.

அசோகனும் திருமுருகனும் வந்து சேர்வதற்குள் ராசம்மாள் தெருமுனையிலேயே அவர்களை மறித்துச் சொல்லி முடித்திருந்தாள். திருமுருகன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். குதிரையின் முன்னால் வந்து நின்றவன் கைகள் தாமாகக் குவிந்தன.

"இன்னா மாமா, நெசமாவே ஓடியிருக்குது போல."

பூவிழி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் நின்றால் போதும். நாளைக்கு ஊரே இந்தக் கிடங்கைத் தேடி வரும். ஆனால் அடுத்த மழைக்கு முட்டிவரை வர்ணம் உரிந்து, கோயிலில் இத்தனை குதிரைகளுக்கு நடுவே தன் குதிரை நிற்கப்போவது அவளுக்குத் தெரியும்.

"வேர்வ இல்லீங்க அண்ணே. உப்பு. தரையிலேருந்து ஏறியிருக்குது. பலக போட்டு நிறுத்தியிருக்கணும், எனக்குத் தோணல."

ராசம்மாள் அவளை முறைத்தாள். திருமுருகனின் கைகள் இறங்கின. "நான்தான் சொன்னேன்ல மாமா! வேற எடத்துல பாத்துருக்கலாம்."

"இருடா மச்சான்." அசோகன் வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "நம்ம உப்புதான். ஏம்மா, ஒடஞ்சி கிடஞ்சி போவுமா?"

"நல்ல தண்ணியில கழுவி ஊறப்போட்டா காலு நிக்கும். வர்ணந்தான் நிக்காது. வேற செஞ்சி தரேங்க, ஒரு மாசம் ஆவும்."

"நாளைக்குன்னு சொல்லிட்டேனே சாமிகிட்ட." அவர் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்புப் பாத்தியிலிருந்து வேலை முடிந்து நேராக வந்திருந்தார். மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே, முட்டிவரை அவர் கால்கள் வெள்ளையாகக் காய்ந்திருந்தன. குனிந்து அவற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு பூவிழியின் கால்களைப் பார்த்தார்; அவையும் அப்படியே இருந்தன. சிரித்துவிட்டார்.

"வர்ணத்த சொரண்டிடு. முட்டிக்குக் கீழ வெறும் மண்ணாவே உடு. பூத்தா பூக்கட்டும். நம்ம ஊரு குதிர தானே?"

"பாக்கறவங்க ஏதாவது..." என்று இழுத்தாள் பூவிழி.

"பாக்கறவன் காலு மட்டும் எப்பிடி இருக்குதாம்?"

ராசம்மாள் முந்தி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். "அப்ப இத்த கொழம்புல போட வேண்டியதுதானா?" என்றாள். திருமுருகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பூவிழி தேங்காய் ஓட்டை எடுத்துக்கொண்டு குதிரையின் காலடியில் உட்கார்ந்தாள். செங்காவி செதில் செதிலாக உதிர்ந்தது. அசோகன் குடத்திலிருந்து நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கொடுத்தார். நாலாவது கால் முடிந்ததும் அவள் நிமிர்ந்து, "பலக போடணும், தூக்குங்க" என்றாள்.

திருமுருகன் முன்னங்கால் பக்கம் வந்து பிடித்தான். இறக்கி வைத்ததும், உள்ளங்கையில் ஒட்டிய ஈர மண்ணைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"கனம்தான்" என்றான்.