நீலத் திரவமும் இரண்டு சகலைகளும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பின் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. என் காரை பிரேக் பார்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காரின் பானெட்டுக்குள் ஒருவர் கையை விட்டு, ரேடியேட்டருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸை அமுக்கிப் பார்த்தார். பழக்கடையில் பழத்தை அமுக்குவோமே, அப்படித்தான். அமுக்கியதும் முகம் சுருங்கிவிட்டது. தலையைத் திருப்பி, மூலையில் வேலை செய்துகொண்டிருந்த இன்னொருவரை ஒரு பார்வை பார்த்தார்.

அவ்வளவுதான் நான் கண்டது. என் கார் தயாராகிவிட்டது, கிளம்பிவிட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அவர் டீ வாங்கி வரச் சொல்வதற்காகக்கூட அப்படிப் பார்த்திருக்கலாம். அப்படியென்றால் கதை போச்சு.

2

முதல் தொடக்கம்: "கொதிக்கும் என்ஜினைப் போலவே அவர் மனமும்

வேண்டாம். காரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எல்லோருடைய மனமும் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: "வாடகைக் கார் ஓட்டும் அந்தப் பெண்ணின் வீட்டில், நோயாளித் தாய்

இதுவும் வேண்டாம். அந்த அம்மாள் எங்காவது நன்றாக இருக்கட்டும். ஓட்டுநர் பெண்ணுக்கு இங்கே ஒரே வேலைதான்: பக்கத்தில் நின்று, காதில் விழக்கூடாததைக் கேட்பது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒர்க்‌ஷாப்பை நடத்துவது இரண்டு சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரியவர். தங்கையைக் கட்டியவர் சின்னவர். தொழிலில் பங்கு சரிபாதி, பேச்சில் மட்டும் பெரியவருக்கு முக்கால். போன மாதம் அந்த வாடகைக் காரின் என்ஜின் தலையைக் கழற்றி, அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் தகட்டை மாற்றியவர் சின்னவர். அவர் தனியாக முடித்த முதல் பெரிய வேலை அது. கடைசியில் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் நிரப்பி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றியவர் பெரியவர். இதை நினைவில் வையுங்கள், பெரியவர் மறந்துவிட்டார்.

இப்போது அதே கார் திரும்பி வந்திருக்கிறது.

3

"கொஞ்ச தூரம் ஓட்டினாலே இந்த ஹோஸ் கல்லு மாதிரி ஆயிடுதுண்ணே. சின்ன டப்பாலேர்ந்து தண்ணிய வேற கக்குது" என்றார் ஓட்டுநர்.

பெரியவர் அமுக்கிப் பார்த்தார். கல்தான்.

(சிறு விளக்கம். ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பது இயல்பு. அளவோடு பிடித்து வைக்கத்தான் மேலே மூடி. அளவு மீறினால் மூன்று சந்தேகம். மூடி அடைத்திருக்கலாம். தண்ணீர் நிரப்பும்போது காற்று மாட்டியிருக்கலாம். அல்லது கேஸ்கெட் வழியாக, எரிந்த புகை தண்ணீருக்குள் கசியலாம். முதலாவது யார் தலையிலும் விழாது. இரண்டாவது பெரியவர் தலையில் விழும். மூன்றாவது சின்னவர் தலையில். விளக்கம் முடிந்தது.)

மூடியை மாற்றிப் பார்த்தார்கள். அப்படியேதான் இருந்தது. என்ஜின் நன்றாக ஆறும்வரை விட்டுவைத்து, பெரியவர் கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதில் கோடு வரைக்கும் நீலத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, வண்டியை ஓடவிட்டு, மேலே இருக்கும் ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி உள்ளிருக்கும் காற்றை இழுக்க வேண்டும். புகை இருந்தால் நீலம் மஞ்சளாகும்.

ஆனது. அல்லது ஆனது மாதிரி இருந்தது. பச்சையா மஞ்சளா என்று கேட்டால் நான் கொஞ்சம் யோசிப்பேன். பெரியவர் யோசிக்கவில்லை.

"பாத்தியா? மஞ்சள். உன் கை வேலைதான். போல்ட்ட ஒழுங்கா முறுக்கத் தெரியாதவனுக்கு ஹெட் வேலை எதுக்கு?"

"அண்ணே, அளவு வச்சுத்தான் முறுக்கினேன்."

"அப்புறம் இது தானா மஞ்சளாச்சா?"

சின்னவர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் தன் போனைப் பார்த்தார். சின்னவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். ஓட்டுநரும் நாளைக்கு வருவதாகச் சொல்லி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

4

பெரியவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அவரைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. நாலு பேர் நடுவில் தான் சொன்னதே சரி என்று நிற்கும் சாதாரண ஆள், அவ்வளவே. நம் வீட்டிலும் ஒருவர் உண்டு.

சாப்பாட்டு வேளைக்குப் பெரியவரின் மனைவி போன் செய்தார்.

"என்னங்க பேசினீங்க அவர்கிட்ட? தங்கச்சி ஓன்னு அழுறா. அவரு இனிமே ஒர்க்‌ஷாப் பக்கமே வரமாட்டாராம். வேற எடத்துல வேலை கேக்கப் போறாராம்."

"தப்பா செஞ்சா சொல்லக்கூடாதா?"

"சொல்லுங்க. அந்தப் பொண்ண நிக்க வச்சுக்கிட்டுதான் சொல்லணுமா? சரி, தப்புன்னு நிச்சயமா தெரியுமா?"

"கண்ணால பாத்தேன்டி. மஞ்சள்."

"உங்க கண்ணு!" என்று போனை வைத்துவிட்டார்.

5

குழாயைக் கழுவப் போனபோதுதான் பெரியவர் பார்த்தார். கோடு வரைக்கும் ஊற்றிய திரவம், கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

ஊற்றியது எப்படிப் பெருகும்? பெருகாது. ரேடியேட்டர் தண்ணீர் குழாய்க்குள் ஏறியிருக்கிறது. அதில் கலந்திருக்கும் கூலன்டுக்கும் நிறம் உண்டு. சோதனைக்கு முன்னால் இரண்டு விரல் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். சூடாக ஆக அது மேலே வரும். சின்னவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரே பெரியவர்தான். இன்றைக்கு இறக்கவில்லை. ஹோஸை அமுக்கும்போதே அவர் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"அடக் கடவுளே" என்றார் வாய்விட்டு. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: காற்றை வெளியேற்றியது யார்? அவசரத்தில் பாதியில் மூடியைப் போட்டது யார்?

(அப்படியானால் சின்னவர் மேல் தப்பில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். சோதனைதான் கெட்டது. கேஸ்கெட் கசியவும் செய்யலாம், கசியாமலும் இருக்கலாம். எனக்கும் தெரியாது.)

6

முடிவு ஒன்று: தண்ணீரை இறக்கி, புதுத் திரவம் ஊற்றி மறுபடி பார்க்கிறார். நீலம் நீலமாகவே நிற்கிறது. சின்னவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு

எழுதிப் படித்தேன். ஒட்டவில்லை. திரவம் சொன்ன பிறகு மன்னிப்புக் கேட்பதில் என்ன இருக்கிறது?

முடிவு இரண்டு: மறுபடியும் மஞ்சள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று

இதைப் பாதியில் நிறுத்தினேன். இவ்வளவு நேரம் இவரோடு இருந்ததற்காக எனக்கே ஆத்திரம் வந்துவிட்டது.

முடிவு மூன்று: பெரியவர் குழாயைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல்... நடக்கக்கூடியது இதுதான். பத்து ஒர்க்‌ஷாப்பில் ஒன்பதில் இதுதான் நடக்கும். பத்தாவது ஒர்க்‌ஷாப்பைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

7

பெரியவர் சோதனையை மறுபடி செய்யவில்லை. முதலில் போனை எடுத்துச் சின்னவரைக் கூப்பிட்டார். நான்கு முறை அடித்து நின்றது. மறுபடி அடித்தார். எடுத்ததும், எதிர்ப்பக்கம் வாயைத் திறக்குமுன் கொட்டிவிட்டார்.

"தம்பி, தண்ணிய இறக்காமப் பாத்துட்டேன். குழாய்க்குள்ள ஏறிடுச்சு. அது என்ன கலர்னே சொல்ல முடியாது."

சின்னவர் போனை வைத்துவிடவில்லை.

"மறுபடி இன்னும் பாக்கல. நீ வந்து பாரு. அந்தப் பொண்ணையும் வரச் சொல்றேன். அவங்க முன்னாடியே பாப்போம்."

மறுநாள் காலையில் சின்னவர் வந்தார். ஓட்டுநரும் வந்து, இந்த முறை போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றார். பெரியவர் புதுத் திரவத்தைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குழாயை நீட்டினார். சின்னவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"மஞ்சளா வந்தா என்னண்ணே சொல்வீங்க?"

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். பெரியவர் வாயில் நல்ல வசனம் எதுவும் வரக்கூடாது, அது அவருக்குப் பொருந்தாது.

"நான் பாத்த விதம் தப்புன்னு சொல்வேன்" என்றார். ஓட்டுநருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னார். "மஞ்சளா வந்தாலும் தப்புதான். நீலமா வந்தா, காத்த எடுக்காம மூடினது நான். அதையும் சொல்வேன்."

அதன் பிறகு நிறம் என்ன வந்தது என்று கேட்பீர்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவையென்றால் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் கடைசியாகக் கேட்டது, குழாயைக் கையில் வாங்கிய சின்னவர் சொன்னதை மட்டும்தான்.

"மொதல்ல தண்ணிய இறக்குங்கண்ணே."

பெரியவர் குனிந்து இறக்கினார்.