ஆரத்தித் தட்டில் முந்திரிப்பழம்

வைகாசி வந்துவிட்டால் லாவண்யாவுக்கு ஓய்வே இருக்காது. கல்யாணம், காதுகுத்து என்று ஆரத்தித் தட்டு அலங்காரத்துக்காக ஆண்டிமடம் சுற்றுவட்டாரமே அவளைத் தேடி வரும். வெற்றிலையில் மயில், பாசிப்பருப்பில் அன்னம், சாயமேற்றிய ஜவ்வரிசியில் தாமரை, எது கேட்டாலும் செய்து கொடுப்பாள். 2004-இல் தன் சொந்த நிச்சயதார்த்தத்துக்குச் செய்த தட்டை மட்டும் யாருக்கும் காட்டாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். மயில்தானே என்று அம்மா சாந்தா கேட்டதற்கும், அன்றைக்குப் பார்த்துக்கொள் என்றாள்.

சாந்தா அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. மாப்பிள்ளை மணிவேல் கீழப்பழுவூர்க்காரன், நஞ்சை உள்ள குடும்பம். தரகரிடம் சாந்தா, எங்களுக்கும் முந்திரிக்காடு இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தாள். காடு ஏது? அவள் கூலிக்குக் கொட்டை உடைப்பவள். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி ஓட்டைப் பிரிக்கும்போது கசிகிற எண்ணெய் விரலைக் கருக்கிவிடும். சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விடாது. பெண் பார்க்க வந்த அன்றும் சரி, இன்றும் சரி, விரல் நுனியெல்லாம் மருதாணியை அப்பித்தான் மறைத்திருந்தாள். தெரிந்தால் இந்த இடமும் தட்டிப்போகும். போன வருஷம் ஒரு இடம் அப்படித்தான் போயிற்று.

வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பந்தல் வாசலில் கூடிவிட்டார்கள். ஆரத்தி எடுக்கத் தட்டைத் தூக்கிய பக்கத்து வீட்டுக் காத்தாயி, துணியை விலக்கியதும் அப்படியே நின்றாள்.

தட்டின் நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு முந்திரிப்பழம், அடியில் தொங்கும் கொட்டையோடு. அதைச் சுற்றிலும் கட்டையை ஓங்கியபடி பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியின் விரலும் கறுப்பு.

சாந்தா மகளைக் கதவோரம் இழுத்தாள்.

"நல்ல காரியத்துல கறுப்ப வச்சிருக்கியேடி. வேற வெனையே வேணாம்."

"நான் யாரு வூட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சே கூட்டிட்டுப் போவட்டும்மா."

வெளியே மணிவேலின் அத்தை வீரம்மாள் ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் ஊரில் துக்க வீட்டில்கூட இவ்வளவு கறுப்பு பார்த்ததில்லையாம். பெண்ணுக்குச் சாயம் தீர்ந்துபோனதோ என்னவோ என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மணிவேலின் அம்மா பெரியம்மாள் நாத்தனாரைக் கையமர்த்தினாள். "சும்மா இரு அண்ணி. திருஷ்டிக்கு வச்சிருப்பாங்க. கொழந்தைக்குப் பொட்டு வைக்கிறதில்லியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாந்தா வாயைத் திறந்தாள். எதிரே லாவண்யா, பட்டுப்புடவையில், அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் கோபமில்லை. ஆமாம் என்று சொன்னாலும் பொறுத்துக்கொள்கிற முகம் அது. அதைத்தான் சாந்தாவால் தாங்க முடியவில்லை.

"திருஷ்டிக்கு இல்லைங்க சம்பந்தி. அது எங் கையி." மருதாணி விரல்களை நீட்டினாள். "கூலிக்குக் கொட்டை ஒடைக்கிறேன். காடுன்னு தரகர்ட்ட சொன்னது பொய்யிங்க. நான்தான் சொன்னேன். எம் பொண்ணு சொல்லல."

சாந்தாவின் வீட்டுக்காரர் ராஜவேல் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். பொய்யா என்று வீரம்மாள் முணுமுணுத்தாள்.

பெரியம்மாள் கிட்டே வந்து அந்த விரல்களைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் மருதாணிக்கும் அடங்காத கறுப்பு.

"காடு இருக்குன்னு நாங்க பொண்ணு கேக்கல. ஆனா பொய் சொன்னது தப்புதான்."

"தப்புதாங்க."

"எரியுமா?"

"புதுசுல எரியும். அப்புறம் பழகிரும்."

"ஆவணில கல்யாணம். அதுக்குள்ள போயிருமா இது?"

சாந்தா தலையை ஆட்டினாள். "போவாதுங்க. வேலைக்குப் போயிட்டுத்தான இருப்பேன்."

"சரி. இந்தக் கையோடயே வந்து தாரை வாத்துக் குடுங்க. மருதாணி வேணாம்."

பெரியம்மாள் காத்தாயியிடமிருந்து தட்டை வாங்கி சாந்தாவின் கையில் வைத்தாள்.

"நீங்களே சுத்துங்க. எம் புள்ள எவ்ளோ நேரம் வெயில்ல நிப்பான்?"