கட்டைவிரலுக்கு லீவு

டாலஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் என் கட்டைவிரலுக்குத் தனிப் பெயர் உண்டு. எந்தத் தமிழ் வீட்டில் கழுத்துப் பிடிப்பு, தோள்பட்டை வலி என்று முனகல் கேட்டாலும், "சாந்தாமணிகிட்ட போங்க, அவங்க விரல் பட்டாப் போதும்" என்பார்கள். எனக்கும் அதில் கர்வம்தான். ஏன் இருக்கக் கூடாது? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து இறுகிப்போன முதுகுகளை இளக்குவது என்ன விளையாட்டா?

அந்தக் கட்டைவிரல்தான் என் காலை வாரிவிட்டது. ஒரு நாள் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. பிறகு வாசல் கதவில் சாவியைத் திருப்பினாலே உயிர் போனது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, விரலின் அடிமூட்டு தேய்கிறது, இப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் மசாஜ் தொழிலையே விட வேண்டியிருக்கும் என்றார். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். வேறு வேலை வராது என்பதால் அல்ல. வேறு வேலை எனக்குப் பிடிக்காது.

அந்தச் சமயத்தில்தான் மசாஜ் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஏதாவது வகுப்பு படித்தாக வேண்டும். என் கணவர் நெடுஞ்செழியன், டெலிகாம் கம்பெனியில் எத்தனையோ ட்ரெயினிங்கைத் தூங்கிக்கொண்டே முடித்தவர், வழி சொன்னார்.

"ஆன்லைன்ல வீடியோவை ஓட விட்டுட்டு நீ பாட்டுக்குச் சமையலைப் பாரு. கடைசில சர்டிஃபிகேட்டை டவுன்லோட் பண்ணிக்கலாம்."

"ஏனுங்க, சர்டிஃபிகேட் வந்து என் விரலைச் சரி பண்ணுமா?"

எரிந்து விழுந்துவிட்டு, டாலஸில் நேரில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தவள் பெயர் டெனிஸ். என்னைவிட இளையவள். நான் கூடப் படித்த ஒருத்தியின் முதுகை அழுத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் மசாஜ் மேஜையின் உயரத்தை இறக்கச் சொன்னாள். விரலுக்கு லீவு கொடுத்துவிட்டு, முழங்கைக்குக் கீழே இருக்கும் சதையை வைத்து, தள்ளாமல் உடம்பைச் சும்மா சாய்த்தால் போதும் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை முதுகைப் பார்த்தவள் நான், எனக்கே பாடமா? ஆனாலும் செய்தேன். முதலில் எண்ணெய்த் தரையில் கால் வைத்த மாதிரி கை வழுக்கியது. சாயங்காலத்துக்குள் பிடிபட்டுவிட்டது. விரலில் வலியே இல்லை. அடி சாந்தாமணி, இதை முன்னாலேயே படித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வீட்டில் நெடுஞ்செழியன் முதுகில் பழகினேன். "ஐயோ, மெதுவா!" என்று அலறியவர் சில நாளில் மேஜையிலேயே குறட்டை விட்டார். ஆனால் கணவர் தூங்குவதெல்லாம் பரீட்சையில் சேராது. பரீட்சை என்றால் அது ஜலஜா ஆன்ட்டிதான்.

ஜலஜா ஆன்ட்டி சென்னைக்காரர். என் விரலுக்காகவே பக்கத்து ஊர் ப்ளேனோவிலிருந்து கார் ஓட்டி வருகிறவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவர் சொல்லி வந்தவர்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் அத்தனை பேரும் போய்விடுவார்கள்.

அன்றைக்கு வந்தவர் குப்புறப் படுத்து, மேஜையின் முகத் துளையில் முகத்தைப் பொருத்தியபடியே உத்தரவு போட்டார்.

"சாந்தா, வலது தோள்ல அந்த முடிச்சு. கட்டைவிரலைப் போட்டு நல்லா அழுத்து. வேற எதுவும் எனக்கு செட் ஆகாது, தெரியுமில்ல?"

"எது செட் ஆகுதுன்னு பாத்துரலாங்க ஆன்ட்டி."

மேஜையை இறக்கினேன். இடது முன்கையை முடிச்சின்மேல் வைத்து, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, மெல்லச் சாய்ந்தேன். அவசரப்படவில்லை. அவர் மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தசை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"ஆங்... அங்கதான்! அப்பப்பா, என்ன விரல்டீ இது! இன்ஷூர் பண்ணி வெச்சுக்கோ."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடது கையை எடுக்காமலே, வலது கையை முகத் துளைக்குக் கீழே நீட்டி, கட்டைவிரலை ஆட்டிக் காட்டினேன்.

"விரல் இங்க இருக்குதுங்க ஆன்ட்டி."

ஆன்ட்டி துளையிலிருந்து தலையைப் பாதி தூக்கினார்.

"அப்போ என் தோள்ல இருக்கறது என்ன?"

"நான் புதுசாப் படிச்ச பாடமுங்க."

ஆன்ட்டி மறுபடி முகத்தைத் துளையில் பொருத்திக்கொண்டார்.

"சரி, அந்த விரலைக் கொண்டுபோய் பத்திரமா வை. பாடத்தை மட்டும் எடுத்துடாதே."